வளைவுக்கு முன்னால் போடும் குழை

பனவிளை வளைவில் ஏதாவது ஒரு கார் நின்றுபோனால் பேபியின் கடையில் டீ குடிக்கிறவர்களுக்குத்தான் முதலில் தெரியும். கொதிக்கிற பாலை அப்படியே இறக்கி வைத்துவிடுவாள். கேட்ட டீ வராது. கூரைச் சட்டத்தில் தொங்கும் வெட்டுகத்தியை எடுத்துக்கொண்டு, "சாவுததுக்குன்னே வருதானுவ" என்று சொல்லியபடி பூவரச மரத்துக்குப் போவாள். சர்க்கரை கலக்கிக்கொண்டு இருந்தவர்கள் கலக்கியபடியே எட்டிப் பார்ப்பார்கள்.

தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில் இருக்கிறது அந்த வளைவு. ரோடு ஒரு மேட்டில் ஏறி, ரப்பர் தோட்டத்து மதிலை ஒட்டித் திரும்பி, சட்டென்று இறங்கும். மேலே வருகிறவனுக்குக் கீழே நிற்கிற வண்டி தெரியாது. தெரியும்போது முப்பது அடிதான் மிச்சம் இருக்கும். பாறை ஏற்றிக்கொண்டு ராப்பகலாகப் போகிற லாரிகளுக்கு முப்பது அடி எந்த மூலைக்கு? பிரேக்கில் கால் வைக்கிறதுக்குள் முடிந்துவிடும்.

இது அந்தப் பக்கத்தில் பிறந்த பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கார் வைத்திருக்கிறவனுக்குத் தெரியாது. கார் நின்றதும் அவன் செய்கிற முதல் வேலை, உள்ளேயே உட்கார்ந்து மச்சானுக்குப் போன் போடுவது. மச்சான் மெக்கானிக்குக்குப் போன் போடுவான். மெக்கானிக் சாப்பிடப் போயிருப்பான். அதுவரைக்கும் பொண்டாட்டி, பிள்ளைகள், மாமியார் எல்லோரும் உள்ளேயே கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள், என்னவோ வீட்டுக் கூடத்தில் இருக்கிற மாதிரி. ஒருத்தன் காருக்குப் பின்னால் ரோட்டிலேயே தாளை விரித்துச் சோறு தின்றான். காருடைய நிழல் விழுகிறதாம். பேபி அவனுடைய பொட்டலத்தைத் தூக்கி மதிலுக்கு அந்தப் பக்கம் எறிந்தாள். சோறு போன இடத்துக்கு அவன் தானாகப் போனான்.

அவள் சொல்வது மூன்றே மூன்றுதான். எறங்கு. இடப்பக்கமா எறங்கு. மதிலுக்கு அந்தப் பக்கம் போய் நில்லு. முதல் தடவை 'தம்பி' என்று சேர்த்துச் சொல்வாள். இரண்டாம் தடவை தம்பி இருக்காது. மூன்றாம் தடவை அவனுடைய அப்பனும் தாத்தனும் வந்துவிடுவார்கள். எல்லோரும் இறங்கிய பிறகு கடைப் பலகையில் கரியால் எழுதி வைத்திருக்கிற, நின்ற வண்டியை இழுத்துப்போகிற ரெக்கவரி வண்டிக்காரனுடைய நம்பரைச் சொல்வாள். அதற்காக ஒருத்தனிடமும் ஒரு டீக்காசு வாங்கியதில்லை. அதனாலேயே அவளை நம்புகிறவர்கள் குறைவு. காரணமில்லாமல் ஒருத்தி மழையில் நனைவாளா என்று உலகம் யோசிக்கிறது.

வண்டி நின்றால் பின்னால் ஒரு பச்சைக்கிளையை ஒடித்து ரோட்டில் போடுவது எங்கும் உள்ள வழக்கம். அந்தப் பக்கத்தில் அதைக் குழை என்பார்கள். குழை கிடந்தால் முன்னால் ஏதோ நிற்கிறது, வேகத்தைக் குறை என்று அர்த்தம். ஆனால் எல்லோரும் அதை எங்கே போடுகிறார்கள்? வண்டியின் வாலிலேயே போடுகிறார்கள். பத்தடி தள்ளி. வளைவு தாண்டி, வண்டியையே பார்த்த பிறகு எவனுக்கு வேண்டும் குழை? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். பேபி வளைவுக்கு முன்னால், மேட்டுக்கு அந்தப் பக்கம், நூறு எட்டு நடந்துபோய்ப் போடுவாள். நடுவில் இன்னொன்று. வண்டி போன பிறகு இரண்டையும் அவளே எடுப்பாள். சிலர் குழைக்குப் பதிலாகப் பாறாங்கல்லை வைத்துவிட்டு, வண்டி சரியானதும் கல்லை ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். பைக்கில் வருகிறவன் அதில் ஏறி விழட்டும் என்று. அந்தக் கல்லை எடுக்கும்போது பேபியின் வாயில் வருவதை எழுத முடியாது.

அவளுடைய கோபம் பூராவும் கார்க்காரர்கள் மேல் என்று ஊர் நினைத்திருந்தது. அதில் பாதிக்கு மேல் செத்துப்போன புருஷன் ஞானதாசன் மேல் என்று மகள் அபிதா நினைத்திருந்தாள். இரண்டு பேர் நினைத்ததும் தப்பு.

ஆறு வருஷத்துக்கு முன்பு ஒரு ஆனி மாதம். ஞானதாசன் மினி லாரி ஓட்டினான். மார்த்தாண்டம் சந்தையில் ஏத்தன் வாழைக்குலைகளை இறக்கிவிட்டுத் திரும்புகையில், வளைவு தாண்டியதும் வலது பக்கப் பின்சக்கரம் வெடித்தது. கடைக்கு எதிரேதான். வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "ஏட்டி, ஒரு குழை ஒடிச்சுப் போடு" என்று கத்தினான். ஜாக்கியை எடுத்துச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்தான். கடையில் நாலு பேர் டீக்கு நின்றார்கள். அடுப்பில் பால். பேபி ஒரு கிளையை ஒடித்தாள். மேடு ஏறி வளைவுக்கு அந்தப் பக்கம் போகத்தான் கிளம்பினாள். பத்தடி போனதும் பால் பொங்குகிற வாசனை வந்தது. குழையை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள். பாலை இறக்கினாள். இரண்டாவது டீயை ஆற்றும்போது லாரி வந்தது.

போலீஸ் கேட்டது. "குழையை இவ்வளவு கிட்டத்துல போட்டது யாரு?" அப்போது பேபியின் சேலையில் அவனுடைய ரத்தம் காயவில்லை. "அவியதான்" என்று, செத்துக் கிடந்த புருஷனைச் சொல்லிவிட்டது வாய். நினைத்துச் சொன்னதில்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான். இறந்தவரின் அஜாக்கிரதையும் விபத்துக்குக் காரணம் என்று எழுதினார்கள். வாசித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகு பொய்க்குத் தீனி போட வேண்டியதாகிவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்களிடம், "பத்தடியில குழையைப் போட்டுட்டு ரோட்டுப் பக்கம் குத்தவச்சிருக்காரு, அறிவில்லாத மனுஷன்" என்றாள். சொல்லச் சொல்ல அதுவே பழகிவிட்டது. பதிமூன்று வயசுப் பிள்ளை அபிதா சுவரோரம் உட்கார்ந்து எல்லாம் கேட்டாள். இப்போது அவளுக்குப் பத்தொன்பது. நாகர்கோவிலில் கல்லூரி படிக்கிறாள். அப்பாவைப் பற்றி யாராவது கேட்டால், "கவனமில்லாம இருந்து செத்துப்போனாரு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். அந்த வரியைக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் பேபிக்கு நெஞ்சில் யாரோ மிதிக்கிற மாதிரி இருக்கும். எரிச்சல் வரும். அந்த எரிச்சலோடுதான் அடுத்த காருக்கு ஓடுவாள்.

போன ஆடியில் ஒரு சனிக்கிழமை, நாலு மணி இருக்கும். காலையிலிருந்தே விட்டு விட்டு மழை. வெள்ளைக் கார் ஒன்று வளைவில் திரும்பி, இரண்டு தடவை குலுங்கி, அப்படியே நின்றது. மேலே கயிறு போட்டுக் கட்டிய இரண்டு அட்டைப் பெட்டிகள். பெட்டியில் கறுப்பு மையில் பெரிய பெரிய எழுத்தில் பேரும் ஊரும். வளைகுடாவிலிருந்து வருகிற பெட்டி எது என்று அந்த ரோட்டில் யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கார் ஷிபுவுடையது. கடற்கரை ஊர்க்காரன், குவைத்தில் வேலை. மனைவி ஜின்சிக்கு ஏழாம் மாதச் சடங்கு என்று லீவு போட்டு வந்திருந்தான். அவளும் அவனுடைய அப்பா ததேயுஸும் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கே போய் அழைத்து வந்தார்கள். ஷிபு வண்டியை ஓட்டினான். அப்பா முன்சீட்டில். ஜின்சி பின்னால் இடது ஓரத்தில், பக்கத்தில் மூட்டையும் பெட்டியும்.

பேபி குழை வெட்டினாள். மேடு ஏறி, வளைவுக்கு முன்னால் அதைப் போட்டாள். பிறகு நனைந்த தலையோடு, கையில் வெட்டுகத்தியோடு, காரை நோக்கி ஓடி வந்தாள்.

இங்கேதான் கோளாறு. குவைத்தில் ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்துக்கொண்டு பேசுகிற பேச்சில், விமான நிலையத்திலிருந்து வருகிற வண்டியை மறித்துப் பெட்டி அடித்த கதைகள் ஆயிரம் உண்டு. அந்தக் கதைகளில் முதலில் ஒரு பெண் கை காட்டுவாள். ஷிபு கண்ணாடியில் பார்த்தான். மழை, ஆளில்லாத வளைவு, வெட்டுகத்தியோடு ஓடி வருகிற ஒரு பெண்பிள்ளை. நாலு கதவையும் பூட்டினான்.

"தம்பி, எறங்கு. எல்லாரும் இடப்பக்கமா எறங்குங்க. மதிலுக்கு அந்தப் பக்கம் போங்க."

அவன் கையை ஆட்டிப் போ போ என்றான்.

"எறங்குலே! லாரி வரும்!"

"கத்தியக் கீழ போடு! போலீசக் கூப்பிடுவேன்!" என்று உள்ளேயிருந்து கத்தினான்.

"கூப்பிடு! எமனுக்கும் சேத்துக் கூப்பிடு! மொதல்ல அந்தப் பிள்ளைய வெளிய விடு!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜின்சி உட்கார்ந்திருந்தாள். அவள் கை கதவின் பிடியை மூன்று தடவை இழுத்ததைப் பேபி பார்த்தாள். கதவு திறக்கவில்லை. அவ்வளவுதான். பேபிக்குக் கண்ணு மண்ணு தெரியவில்லை. ரோட்டோரம் கிடந்த ஒரு கல்லை எடுத்தாள். வலது பக்கம் சுற்றிப் போனாள். பெட்டிகள் இருந்த பக்கத்துப் பின்கண்ணாடியில் ஓங்கி ஒரு போடு போட்டாள். கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்து பெட்டியின் மேல் விழுந்தது.

ஷிபு பூட்டை விடுவித்துக் குதித்தான். விடுபட்ட சத்தம் கேட்டதுமே ஜின்சி இடது கதவைத் திறந்து இறங்கி, யாரும் சொல்லாமலே மதிலைப் பார்த்து நடந்துவிட்டாள். ரோட்டு நடுவில் நின்ற ஷிபுவைப் பேபி சட்டையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தாள். அடிக்கிறாள் என்று அவன் நினைத்தான். பிடித்துத் தள்ளினான். அவள் ஓடைக்கரையில் போய் விழுந்தாள். ஒரு பஸ் ஹாரனை அடித்துக்கொண்டு இரண்டு பேரையும் ஏசிவிட்டுப் போனது.

ஷிபு போன் போட்டான், பத்து நிமிஷத்தில் போலீஸ் ஜீப் வந்தது. கத்தியைப் பிடுங்கிக்கொண்டு பேபியைத்தான் முதலில் உள்ளே ஏற்றினார்கள். ஜின்சி மழையில் நனைகிறாளே என்று அவளையும் ஏற்றினார்கள். ஷிபு ஏதோ செய்துவிட்டு ஓடிவந்து கடைசியாக ஏறினான். ரெக்கவரி வண்டிக்குச் சொல்லியாயிற்று, அரை மணிக்கூறில் வரும் என்று டிரைவரிடம் சொன்னான். முதுகில் சேறோடு மூலையில் கிடந்த பேபிக்குப் பின்னால் எதுவும் தெரியவில்லை. கிழவர் முன்கதவைத் திறந்து காலை வெளியே வைத்ததைப் பார்த்திருந்தாள்; ஆட்டோவில் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

ஸ்டேஷனில் இருந்த எஸ்.ஐ. மதுரைப் பக்கத்து ஆள், வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வெட்டுகத்தியை மேஜையில் வைத்துவிட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, இதைத் தூக்கிக்கிட்டு கார்ல போறவங்களை மறிக்கிறியே, என்ன நெனப்புல இருக்க?"

"மறிக்கல்ல சார். குழை வெட்டுனேன்."

"குழைன்னா?"

"பச்சைக்கிளை சார். வண்டி நின்னா பின்னால போடுவோம்லா."

"கண்ணாடியை உடைச்சது?"

"நான்தான். இன்னும் நாலு கண்ணாடி இருந்திருந்தா நாலையும் உடைச்சிருப்பேன். வயித்துப்பிள்ளைக்காரிய உள்ள வச்சுப் பூட்டுதானே, இவன் மேல கேசு கெடையாதா?"

ஷிபு எழுந்தான். "சார், திமிரப் பாத்தியளா? எனக்க வண்டி நிக்கதுக்கு முன்னாலயே கத்தியும் குழையுமா இவ நிக்குதா. இவளுக்க பின்னால ஆளுண்டு."

"அந்த அக்கா சொன்னது சரிதான்," என்றாள் ஜின்சி. "எறங்கணும்னு நானும் சொன்னேன்."

"நீ மிண்டாத இரி" என்று அவள் வாயை அடக்கினான் ஷிபு. அவள் பெஞ்சில் அவன் பக்கத்திலிருந்து எழுந்து, எதிர்ப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

அந்த நேரம் அபிதா வந்தாள். வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் இருந்தவளுக்கு டீக்கடையில் இருந்த யாரோ போன் செய்திருக்கிறார்கள். கல்லூரிப் பையோடு, பஸ்ஸில் நின்று வந்த களைப்போடு, வாசலிலேயே நின்று அம்மாவைப் பார்த்தாள். சேறு பூசின சேலை, மேஜையில் கத்தி. அவமானத்தில் அவள் முகம் கறுத்துவிட்டது.

எஸ்.ஐ. நல்ல மனுஷன்தான். கேஸாக்க வேண்டாம் என்று பார்த்தார். "இந்தாம்மா, ஒரு பேப்பர்ல எழுதிக் குடு. இனிமே ரோட்ல நிக்கிற எந்த வண்டிகிட்டயும் போகமாட்டேன்னு. அவர்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளு. போயிரலாம். ஒன் வீட்டுக்காரரு அங்கதான் தவறிப் போனாருன்னு ரைட்டர் சொன்னாரு. கிளையைக் கிட்டத்துல போட்டுட்டாருன்னு. பாவம்தான். அதுக்காக நீ இப்படி ஆகிடக் கூடாது."

"மன்னிப்பா?" என்றாள் பேபி. "என்னத்துக்கு?"

"அம்மா." அபிதாவின் குரல் மெதுவாகத்தான் வந்தது. "எழுதிக் குடு. போவோம். எனக்கு முடியல்ல. அப்பா செஞ்ச மடத்தனத்துக்கு நீ எத்தன வருஷம் ரோட்டுல நிப்ப? அவரு அறிவில்லாம செத்தாரு. அதுக்கு நான் போலீஸ் ஸ்டேஷன்ல வந்து நிக்கணுமா?"

ஆறு வருஷமாகப் பேபி விதைத்ததுதான், பிள்ளை அறுத்து நீட்டுகிறாள். ரைட்டர் எழுதி முடித்த தாளை மேஜையில் தள்ளினார். பேபி பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்றுதான் அப்போது இருந்தது.

வெளியே மழை வலுத்தது. ஜின்சி ஜன்னலைப் பார்த்தாள்.

"மழை கூடுதே. மாமா தனியா இருக்காவளே" என்றாள்.

பேபி நிமிர்ந்தாள். "எங்க இருக்காவ?"

"வண்டிக்குள்ளதான்."

"வண்டிக்குள்ளயா? அந்த வளைவுலயா?"

ஷிபுவுக்குக் கோபம். "பின்ன? பெட்டியளப் போட்டுட்டு வர முடியுமா? அப்பாவுக்கு முட்டுவலி. மதிலு ஏற மாட்டாரு. லைட்டு எரிய விட்டிருக்கேன். நீ மேட்டுல கொண்டுபோட்ட குழையவும் தூக்கிட்டு வந்து, வண்டிக்குப் பின்னால போட்டாச்சு. எனக்குத் தெரியாதா? நான் லைசென்சு எடுத்துப் பத்து வருஷமாச்சு."

"பின்னாலன்னா எங்க?"

"பின்னாலதான். பத்தடியில."

பேபி பேனாவைப் போட்டாள்.

"போனப் போடு. அவர எறங்கச் சொல்லு."

"நீ யாரு எனக்குச் சொல்ல?"

"சார், இவன்கிட்டச் சொல்லுங்க சார். பத்தடியில கெடக்க குழை லாரிக்காரனுக்குத் தெரியாது. வளைவு திரும்புனாத்தான் தெரியும். திரும்புனப்பறம் நிறுத்த முடியாது."

"ஏம்மா, ரெக்கவரி வண்டி வந்துரும்…" என்று ஆரம்பித்தார் எஸ்.ஐ.

"வராது!" மேஜையை அறைந்தாள். கத்தி துள்ளியது. "அரை மணிக்கூறுன்னா ஒரு மணிக்கூறு ஆவும், எனக்குத் தெரியும். ஏலே, ஒனக்க அப்பன் அதுக்குள்ள செத்துருவான்லே!"

"சாவான்னு சொல்லுதா பாருங்க சார்!" ஷிபு கையை ஓங்கிக்கொண்டு வந்தான். கான்ஸ்டபிள் நடுவில் நின்றார். ஒவ்வொருத்தரும் ஒவ்வொன்றாகக் கத்தினார்கள். அபிதா காதைப் பொத்திக்கொண்டு, "அம்மா, போதும்! அப்பா போட்டதப் போல எல்லாரும் போடுவாவன்னு உனக்கு எதுக்கு இந்தப் பயித்தியம்?" என்று அழுதாள்.

"அப்பா போடல்ல."

பேபி அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. ஆறு வருஷத்தில் அவள் மெதுவாகப் பேசினது அந்த ஒரு தடவைதான் இருக்கும்.

"குழையப் போட்டது நான். பத்தடியில போட்டது நான்தான். அவிய போடச் சொன்னாவ. நான் வளைவு தாண்டிப் போடத்தான் போனேன். அடுப்புல பால் பொங்கிச்சு. போட்டுட்டு ஓடி வந்துட்டேன். ரெண்டு கிளாசு டீ ஆத்துற நேரம்கூட ஆவல்ல, லாரி வந்துட்டு. அவியளுக்குத் தெரியாது. நான் ஒழுங்காப் போட்டிருப்பேன்னு நம்பித்தான் ரோட்டுப் பக்கம் குத்தவச்சிருந்தாவ. இதே ஸ்டேஷன்ல நின்னுதான் அவிய மேல சொன்னேன். எழுதி வச்சிருக்கு. பொய்யி." ஷிபுவைப் பார்த்தாள். "போனப் போடு மக்கா. எனக்க மேல கேசு போடு, ஜெயில்ல போடு. அதுக்கு முன்னால போனப் போடு."

அவன் அவளைப் பார்த்தான். ஜின்சியைப் பார்த்தான். ஜின்சி தன்னுடைய போனையே அவன் பக்கம் நீட்டினாள்.

மணி அடித்தது. கிழவர் எடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் எடுக்கவில்லை. மூன்றாம் தடவை அடிக்கும்போது ஷிபு ஸ்பீக்கரைப் போட்டான். எடுத்தார்.

"அப்பா, வண்டியில இருந்து எறங்குங்க."

ஸ்பீக்கரில் மழைச் சத்தத்துக்கு நடுவே ததேயுஸின் குரல் வந்தது. "எதுக்குலே? மழ பேஞ்சு தள்ளுது. முட்டு வேற குத்துது."

"எறங்குங்கன்னா எறங்குங்க!"

"நான் நாப்பது வருஷம் கடலுக்குப் போனவன். எனக்கு ரோட்டப் பாத்துப் பயமா? பெட்டிய எவனாவது…"

"பெட்டி எக்கேடும் கெட்டுப் போவட்டு!" ஷிபுவின் தொண்டை கிழிந்தது. "எறங்கும்! இடப்பக்கமா எறங்கும்! அந்த மதிலுக்க அங்கோட்டுப் போயி நில்லும்! இப்பம்! போனக் கட்டு பண்ணாதிய!"

அப்பாவிடம் அவன் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அந்தப் பக்கம் கதவு திறக்கிற சத்தம். கிழவர் முனகினார், யாரையோ ஏசினார், மகனைத்தான் ஏசியிருப்பார். காலை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம். ஒரு லாரியின் ஹாரன் நீளமாக எழுந்து, போனே அதிருகிற மாதிரி நெருங்கி வந்து, டயர் தேய்கிற சத்தத்தோடு தாண்டிப் போயிற்று.

"அப்பா? அப்பா!"

"கத்தாதலே. மதிலுக்குப் பக்கம்தான் நிக்கேன்." கிழவருக்கு மூச்சு வாங்கியது. "ஒரு லாரிக்காரன் கண்ணாடிய ஒடச்சுட்டுப் போயிட்டான், வலது பக்கத்துல நீட்டிட்டு இருக்குமே, அத. சக்கரம் குழை மேலயே ஏறிப் போச்சு."

ஷிபு போனைக் கையில் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்தான். எஸ்.ஐ. கான்ஸ்டபிளிடம், "ஜீப்பை எடுய்யா. அந்தம்மா சொன்ன மாதிரி வளைவுக்கு முன்னாலேயே நிறுத்தி லைட்டைப் போடு" என்றார். பிறகு ரைட்டர் எழுதிய தாளை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"கண்ணாடி…" என்று ஏதோ சொல்ல வாயெடுத்தான் ஷிபு. மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்பது முகத்தில் தெரிந்தது.

"ஒனக்க மன்னிப்பக் கொண்டு குப்பையில போடு," என்றாள் பேபி. "அடுத்த தடவ ஒரு பொம்பள எறங்குன்னு சொன்னா, எறங்கு."

அவளுக்குக் கோபம் தீரவில்லை. கிழவர் பிழைத்ததில் தீருகிற கோபம் இல்லை அது. அவள் கத்தியைக் கேட்கவில்லை, வாசலுக்கும் போகவில்லை. மகளைத் திரும்பிப் பார்க்கிற தைரியம் இல்லாமல் நின்றாள்.

அபிதா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். அழுகை நின்றிருந்தது. அதுதான் பேபிக்குப் பயமாக இருந்தது.

"எனக்க கூடப் படிக்கவளுக எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்," என்றாள் அபிதா. "எனக்க அப்பா கவனமில்லாத ஆளுன்னு. அவருக்குக் குழை போடக்கூடத் தெரியாதுன்னு. சொல்லிச் சிரிச்சிருக்கேன்."

"மக்ளே…"

"தொடாத."

பேபி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

அபிதா மேஜைக்கு வந்தாள். "சார், எங்கம்மா இப்ப சொன்னத எழுதுங்க."

எஸ்.ஐ. தயங்கினார். "அது முடிஞ்சுபோன கேஸ்மா. ஆறு வருஷம் ஆச்சு. இப்ப எழுதி ஒண்ணும் மாறாது."

"மாற வேண்டாம் சார். எழுதி ஒரு காப்பி எனக்குத் தாங்க. அப்பாவுக்க பேருல ஒரு தாளு இருக்குல்லா? எனக்கு இன்னொரு தாளு வேணும்."

எஸ்.ஐ. பேபியைப் பார்த்தார். பேபி தலையை ஆட்டினாள். ரைட்டர் புதுத் தாளை எடுத்தார். பேபி சொன்னாள், அவர் எழுதினார். பால் பொங்கியது, பத்தடி, ஓடி வந்தது, இதே இடத்தில் சொன்ன பொய், எல்லாம். ஒரு இடத்தில் நிறுத்தி, "அவசரத்தில் நடந்தது என்று போட்டுக்கலாமா?" என்று கேட்டார் ரைட்டர், இரக்கத்தில்தான். "வேண்டாம்," என்றாள் பேபி. "அஜாக்கிரதைன்னே போடுங்க. அவிய பேருல அப்படித்தான போட்டிய."

எழுதி முடித்ததும் தாளை அவளிடம் நீட்டினார். அபிதா நடுவில் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் விரலை வைத்து வாசித்தாள். அஜாக்கிரதை என்ற இடம் வந்ததும் விரல் நின்றது. அதற்குப் பக்கத்தில் யாருடைய பேர் இருக்கிறது என்று இரண்டு தடவை பார்த்தாள். பிறகுதான் தாளை அம்மாவுக்கு முன்னால் வைத்து, பேனாவைக் கையில் கொடுத்தாள்.